பெரிய ட்ரவுட்டுக்காக நியூசிலாந்து: யாழ்ப்பாணத்தில் இருந்து திட்டம் போடுபவர்களுக்கு

கைட் (ஆற்றில் கூட வரும் வழிகாட்டி) வைத்து, ஃப்ளை தூண்டிலில் ட்ரவுட் என்ற குளிர்நாட்டு ஆற்று மீனைப் பிடிக்கப் போவதைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள், எந்தத் தடி, எந்த ரீல் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். சில பருவங்களாகப் போய் வருகிறவன் என்ற முறையில் சொன்னால், தடியெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் வீசாவும் முன்பணமும், அதன் பிறகு தூண்டில் வீசும் உங்கள் கை. இந்த இரண்டும் சரியாக இருந்தால் நடுத்தர விலைத் தடியே போதும்.

எங்கள் கடவுச்சீட்டுக்கு நியூசிலாந்து வீசா கட்டாயம். நல்ல கைட்களின் நாட்களோ பல மாதங்களுக்கு முன்னரே நிரம்பிவிடும். நாளைப் பிடித்து வைக்க முன்பணம் கட்ட வேண்டும், வீசாவோ அப்போது கையில் இருக்காது. கனடாக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் இல்லாத தலையிடி இது. அதனால் கைட்டுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே நான் கேட்பது: வீசா மறுக்கப்பட்டால் முன்பணம் என்னவாகும்? அடுத்த பருவத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று எழுத்தில் தருபவரோடுதான் மேற்கொண்டு பேச்சு. ஒருவர் இந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். அவரை அப்படியே விட்டுவிட்டேன்.

2024 ஒக்டோபரில் இருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கான வரி 100 நியூசிலாந்து டொலர். வீசாக் கட்டணத்தோடு அதையும் கணக்கில் சேருங்கள். போவதற்குச் சிங்கப்பூர் வழிதான் வசதி. அங்கே எங்களுக்கு முன்கூட்டி வீசா எடுக்கும் வேலை இல்லை, தென் தீவின் கிறைஸ்ட்சேர்ச்சுக்கு நேர் விமானமும் உண்டு. மச்சான் மெல்பேணில் இருந்து வந்து கிறைஸ்ட்சேர்ச்சில் சேர்ந்துகொள்வான்.

தென் தீவின் பெரும்பாலான ஆறுகள் ஒக்டோபர் 1 தொடக்கம் ஏப்ரல் 30 வரை திறந்திருக்கும். தொடக்கத்தில் மீன் வெகுளி, ஆனால் பனி உருகி ஆறு பெருகி ஓடும். பெப்ரவரியில் தண்ணீர் கண்ணாடி, மீன் உசார். அந்த நேரம் சில்வண்டுகள் தண்ணீரில் விழத் தொடங்கும், பெரிய மீன் மேலே வந்து அவற்றை விழுங்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். தைப்பொங்கல் முடித்து வெளிக்கிட்டால் வீட்டிலும் முறைப்பாடு குறைவு.

ட்ரவுட் அந்த மண்ணின் மீன் அல்ல. இங்கிலாந்தில் இருந்து 1864இல் தஸ்மேனியாவுக்கு வந்த முட்டைகளின் வழியாக, 1867இல் நியூசிலாந்து சேர்ந்தது பிரவுண் ட்ரவுட். எங்கள் நுவரெலியா மலைக்கும் வெள்ளைக்காரர் இந்த மீனைக் கொண்டுவந்தார்கள்தான், ஆனால் நியூசிலாந்து அளவுக்கு வளரவில்லை. நியூசிலாந்து மலைக்காட்டில் பீச் (beech) மரங்கள் சில வருடங்களில் அளவுக்கு மீறி விதை கொட்டும். விதையைத் தின்று எலி பெருகும், ஆற்றை நீந்திக் கடக்கும் எலியைத் தின்று மீன் கொழுக்கும். 2019இல் அப்படிப் பெரியதொரு விதைப்பு நடந்தது. பத்து இறாத்தல் மீன்தான் குறி என்றால், விதை கொட்டிய வருடத்துக்கு அடுத்த பருவம் எது என்று கைட்டிடம் கேட்டு வையுங்கள்.

இனிக் கை. ஃப்ளை தூண்டிலில் மாட்டுவது இறகால் கட்டிய போலிப் பூச்சி, ஈயம் கிடையாது. கயிற்றின் பாரம்தான் இறகுப் பூச்சியைக் கொண்டுபோகிறது. கயிறு பின்னால் போய் முழுவதும் விரியும்வரை பொறுத்து, பிறகுதான் முன்னே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் சவுக்குப்போலச் சடாரென்று சத்தம் வரும், நுனியில் கட்டிய பூச்சி அறுந்து போய்விடும். பழகுவதற்குத் தண்ணீர் தேவையில்லை, புல்தரை போதும். நான் பழகுவது முற்றவெளியில், கொக்கி இல்லாமல், நுனியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி. கிரிக்கெட் விளையாடும் பொடியன்கள், "என்னண்ணை, தண்ணி இல்லாத இடத்திலை மீன் பிடிக்கிறியள்?" என்று கேட்டுச் சிரித்துப் பழகிவிட்டார்கள்.

ஒரு நாள் குருநகர்ப் பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஈயம் இல்லாமல் என்னெண்டு தம்பி தூரப் போகும்?" என்றவரிடம் தடியைக் கொடுத்தேன். முதல் வீச்சு தலைக்கு மேல் குவிந்து விழுந்தது. இரண்டு மூன்று தரம் கழித்துத் தோளைத் தளர்த்திவிட்டு, பின்வீச்சில் அப்படியே நின்றார். "பின்னாலை இழுக்கிறது கையிலை தெரியுது" என்று சொல்லிக்கொண்டே முன்னே விட்டார். கயிறு நேராகப் போய்ப் படுத்தது. ஆயுள் முழுவதும் வீச்சுவலை எறிந்த கைக்குப் பொறுமையை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

பழக நல்ல காலம் சோளகம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை முற்றவெளியில் அடிக்கிற அந்தக் காற்றுக்குள் பதினைந்து மீட்டர் நேராக வீச முடிந்தால், தென் தீவின் வடமேல் காற்று உங்களைப் பயமுறுத்தாது. அங்கே கைட்கள் அதிகம் நொந்துகொள்வது மீன் இல்லை என்பதற்காக அல்ல, காட்டிய மீனுக்கு வீச முடியாத வாடிக்கையாளருக்காக.

சாமான்கள் எங்கள் சுவாத்தியத்தில் எப்படி இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை. என்னிடம் இருப்பது ஒன்பது அடி, ஆறாம் இலக்கத் தடி (இலக்கம் கயிற்றின் பாரத்தைக் குறிக்கும்), நாலு துண்டு. அதற்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. குளிர்நாட்டுக் கயிறு எங்கள் மத்தியான வெயிலில் மெழுகுப் பதமாகி வளையங்களில் ஒட்டும், அதனால் பழகுவதற்கு வெப்பநாட்டுக் கயிறு வேறாக வைத்திருக்கிறேன். அதை அங்கே கொண்டுபோனால் குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக நிற்கும், ஆகவே இரண்டும் வேண்டும். பண்ணைப் பக்கம் உப்புத் தண்ணீரில் வீசிவிட்டு வந்தால் ரீலை அன்றே கழுவ வேண்டும். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவி, பருத்தித் துணியால் துடைப்பதே வழி. ஆற்றுக்குள் இறங்கப் போடும் நீர்க்காற்சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்தால் மாரி ஈரத்தில் தையல் ஒட்டுகள் கழன்றுவிடும். மடிக்காமல், மின்விசிறி ஓடும் அறையில் தொங்க விடுங்கள். சப்பாத்தின் அடிப்பாகம் ஒரு தரம் வெப்பத்தில் பிரிந்தது. ஊர்ச் சப்பாத்துத் தைப்பவர் பசை போட்டுச் சுற்றிவரத் தைத்துத் தந்தார், இன்னும் அதுதான் ஓடுகிறது.

சப்பாத்து என்றதும் இன்னொன்று. ஃபெல்ட் என்ற கம்பளி அடி வைத்த சப்பாத்து நியூசிலாந்தில் 2008இல் இருந்து தடை. டிடிமோ என்ற பாசி 2004இல் சவுத்லாந்தின் வையாவு ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்த கட்டுப்பாடு அது. ரப்பர் அடிதான் செல்லும். விமான நிலையத்தில் மீன்பிடிச் சாமான் எல்லாவற்றையும் படிவத்தில் காட்டுங்கள். சுத்தமாகவும் நன்றாகக் காய்ந்தும் இருந்தால் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். ஆபத்தான பொருளைக் காட்டாமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 டொலர் தண்டம். யாழ்ப்பாண வெயில் உதவுகிற ஒரே இடம் இது. மொட்டைமாடியில் இரண்டு நாள் போட்டால் சப்பாத்து முறுகிவிடும்.

ஆற்றில் கைட் செய்வது என்ன? பார்ப்பது. ஒரு நாளுக்கு ஆயிரம் டொலரை ஒட்டிக் கேட்பார்கள், இரண்டு பேர் பகிரலாம், சாப்பாடும் வாகனமும் அதற்குள். அந்தக் காசு முழுக்க அவர் கண்ணுக்குத்தான். ஒரு கிலோமீட்டருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்கள் நிற்கும் ஆற்றில் அவர் கையை உயர்த்தி நிறுத்துவார். "வெள்ளைக் கல்லுக்கு முன்னால், இரண்டு அடி இடப்பக்கம்." எனக்குத் தெரிவது கற்கள்தான். பழுப்பு நிறப் போலரைஸ்ட் கண்ணாடியோடு பார்த்துக்கொண்டே நின்றால், ஒரு கல்லின் நிழல் வாலை ஆட்டும். பூச்சி மிதந்து வரும், மீன் ஆறுதலாக எழும்பும், வாய் வெள்ளையாகத் திறக்கும். அந்த நொடியில் இழுத்தால் போச்சு. 'காட் சேவ் த குயின்' என்று சொல்லி முடித்துத்தான் தடியை உயர்த்த வேண்டும் என்பது அங்கத்தைய பழைய வழக்கம். என் வாயில் 'நல்லூர்க் கந்தா' தான் வந்தது. கிட்டத்தட்ட அதே நேரம்தான் எடுக்கும், மீனும் மாட்டியது. தராசு வைத்த வலையில் ஏழு இறாத்தலுக்குக் கொஞ்சம் மேல்.

பத்து இறாத்தல், அதாவது நாலரைக் கிலோ, இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. கட்டாயம் பிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் கைட்டை நம்பாதீர்கள். நல்லவர் முதலில் கேட்பது காற்றில் எவ்வளவு தூரம் வீசுவீர்கள், கல்லில் நாள் முழுக்க நடப்பீர்களா என்று. தட்டைத் தரையில் வாழும் எங்கள் முழங்காலுக்கு அந்த இரண்டாவது கேள்வி உண்மையிலேயே கடினம்.

பிடித்த மீனை விட்டுவிடுவோம். "விட்டிட்டு வாறதுக்கோ இவ்வளவு காசு?" என்று மாமி வருடாவருடம் கேட்பார். அங்கே ட்ரவுட்டை விற்பதே சட்டப்படி குற்றம், எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்று சொன்னால் இன்னும் கோபம் வரும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு என் கணக்கு: முதல் இரண்டு நாள் கைட், மீதி நாள் வாடகைக் கார். வெளிநாட்டவருக்கான உரிமம் ஒன்றே பெரும்பாலான ஆறுகளுக்குப் போதும், வட தீவின் டௌப்போ ஏரிப் பகுதிக்கு மட்டும் வேறு உரிமம். ஆற்றங்கரைக்குப் போகும் பொதுவழிகளில் பலகை போட்டிருக்கும். மலைக்குள் ஹெலிகொப்டரில் போவது ஆளில்லாத தண்ணீருக்காக. நல்லதுதான், ஆனால் காலநிலை கெட்டால் அந்த நாள் அப்படியே போய்விடும். அடுத்த பருவத்துக்கு நான் ஹெலியை விட்டுவிட்டு அந்தக் காசுக்கு இன்னொரு நாள் கைட் கேட்டு எழுதியிருக்கிறேன். மச்சான் இன்னும் சம்மதிக்கவில்லை.