விலை குறைந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாமா? மின்தடை நாளில் பார்த்துச் சொல்கிறேன்

பல்லடத்திலிருந்து அக்கா மகன் கேட்டிருக்கிறான்: "ஏனுங்க மாமா, நீங்கள் வைத்திருக்கும் அதே இன்டர்ஃபேஸ் இப்போது விலை இறங்கியிருக்கிறது. வாங்கிவிடட்டுமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் மைக் ஒலியை லேப்டாப்பில் பதிவு செய்ய உதவும் அந்தப் பெட்டி பழுது பார்க்கப்பட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறது, என் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் எதற்கு? இந்த விலையில் கிடைக்கும் பெட்டிகள் பலவற்றின் பின்பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

இரண்டு மைக் வாய், 24 பிட், 48 வோல்ட் பட்டன், ஒற்றை யுஎஸ்பி ஒயர். இதெல்லாம் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 192 கிலோஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஸ்டீரியோவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 எம்பி ஆகும். 192-ல் அது நான்கு மடங்கு. வித்தியாசம் ஹார்ட் டிஸ்க்குக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது.

எங்கள் வீடு சோமனூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. தெருவின் இரு பக்கமும் விசைத்தறி. மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை வைத்து ஹெட்போனை மாட்டினால், பாடுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எதிர்வீட்டுத் தறியில் நாடா அடிபடுவது கேட்கும். ஜன்னலுக்குச் சென்னிமலைப் போர்வையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டேன். சுவரில் மெத்தையைச் சாய்த்தேன். காற்றில் வரும் சத்தம் குறைந்தது. தறியின் அடி தரை வழியாக வந்து, ஸ்டாண்டின் காலில் ஏறி, மைக்குக்குள் போய்விடுகிறது. அதற்குப் போர்வை என்ன செய்யும்?

இது போதாதென்று ஒரு முனகல். லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கில், ஸ்பீக்கர் இன்னொரு பிளக்கில். இரண்டின் எர்த்தும் ஆடியோ ஒயர் வழியாகக் கைகோத்து ஒரு வளையமாகிவிட, நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் ஏறிக்கொண்டு "ம்ம்ம்" என்று பாடும். இரண்டு முனைச் சார்ஜராக இருந்தால் வேறு விதம்: லேப்டாப்பின் உலோக ஓரத்தில் கை பட்டால் சுரீரென்று இருக்கும், கிட்டார் கம்பியைத் தொட்டால் சத்தம் குறையும், விட்டால் ஏறும். இங்கே பல வீடுகளில் மூன்றாவது ஓட்டை சுவரில் இருக்கும், அதற்குப் பின்னால் ஒயர் இருக்காது. முனகல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முனையை வெட்டச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சரி செய்துவிட்டு, ஸ்பீக்கருக்கு, வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு ஒயர் போடு. அந்த ஒயரின் ஜாக்கில் கறுப்பு வளையம் இரண்டு இருக்கும். ஒன்றே இருந்தால் அது வேறு ஒயர். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார்.

இனி நான் இந்தப் பெட்டியை ஏன் வீசாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும். ஊர்ப் பெயர்களோடு முதல் நாளே செய்தித்தாளில் வந்துவிடும். ஊர் சலித்துக்கொள்ளும். நான் பெரியப்பாவுக்குப் போன் செய்வேன்.

மறுநாள் காலை 9 மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். சார்ஜர் இல்லை, ஆகவே முனகலும் இல்லை. மின்விசிறியும் ஓடாது, வியர்க்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த இன்டர்ஃபேஸுக்கென்று தனியாகப் பிளக் கிடையாது. யுஎஸ்பி 2.0 வாயில் கிடைக்கும் 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், கணக்குப் போட்டால் இரண்டரை வாட்தான். அதற்குள் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட்டையும் அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் லேப்டாப் பேட்டரியில் முற்பகல் முழுக்கப் பதிவு செய்யலாம். அடாப்டர் வைத்த உயர்ந்த ரகப் பெட்டிகள் அன்றைக்கு அலமாரியில்தான் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரில் ஓட்டலாமே என்பாய். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் இரைச்சலைக் கேட்டபின் அப்படிச் சொல்ல மாட்டாய்.

பெரியப்பா உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை பாடுகிறவர். 1965-ல் மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி இதே கதையை டேப்பில் பதிந்தார். அவருக்குத் திரையில் ஒலியைக் காட்டும் அலைக்கோடும் கிடையாது, செய்த தவறைத் திரும்பப் பெறும் அன்டூவும் கிடையாது. நான் இவ்வளவு சலித்துக்கொள்வதைக் கண்டால் சிரிப்பார். போகட்டும். குரலுக்குக் கண்டென்சர் ஒன்றாவது வாயில், உடுக்கைக்குப் பலத்த அடியையும் தாங்கும் டைனமிக் மைக் இரண்டாவது வாயில். உடுக்கையின் இடுப்புக் கயிற்றைப் பெரியப்பாவின் விரல் அழுத்தும்போது சுருதி ஏறி, விட்டதும் இறங்குமே, அந்த இறக்கத்தின் கடைசியில் தோல் மெல்லத் துடித்து அடங்குவதுகூட அப்படியே பதிவாகிறது. கூத்து மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டபோதுகூட எனக்கு அது கேட்டதில்லை. உச்சத்தில் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடுமாறு, மைக் ஒலியைக் கூட்டும் கெயின் குமிழைத் திருப்பி வைத்தால் போதும். 24 பிட்டில் அதற்கு மேல் முறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

டைரக்ட் மானிட்டர் பட்டனையும் பாராட்ட வேண்டும். அதை அழுத்தாவிட்டால் சத்தம் லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றிவிட்டுத்தான் காதுக்கு வரும். 48 கிலோஹெர்ட்ஸில், லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் ஒலி அளவான பஃபரை 1024 என்று வைத்தால் போகவே 21 மில்லி செகண்ட், திரும்பி வர அதே அளவு. கைக்கும் காதுக்கும் இடையில் அந்த இடைவெளி விழுந்தால் உடுக்கை அடிக்கிறவர் தன்னை அறியாமலே தாளத்தை இழுப்பார். பட்டனை அழுத்திவிட்டால் லேப்டாப்புக்குப் போகும் முன்பே ஒலி நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். மோனோவில் வைக்க மறக்காதே. ஸ்டீரியோவில் குரல் ஒரு காதிலும் உடுக்கை மறு காதிலும் கேட்டு, "எனக்கு ஒரு காது அடைத்துவிட்டதா?" என்று பெரியப்பா கேட்டார்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். மைக் வாய்களைப் பார்: ஒவ்வொன்றையும் திருகாணி போட்டுப் பெட்டியின் உடலோடு இறுக்கியிருக்கிறார்கள். மைக் ஒயரைப் பிடித்தே பெட்டியைத் தூக்கலாம். மின்சாரமும் தகவலும் இரண்டுமே போகிற யுஎஸ்பி வாய்க்கு அந்த மரியாதை இல்லை. செல்போனில் இருப்பது போன்ற சிறிய டைப்-சி வாய், போர்டின் ஓரத்தில் வெறும் ஈயத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எருமையைக் கட்டப் பூமாலைக் கயிறு. ஒயரைச் செருகி எடுக்கச் செருகி எடுக்க அது தளர்ந்தது. முதலில் பச்சை விளக்கு ஒரு முறை இமைத்தது. பிறகு ஒயரைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்து வைத்தால்தான் எரிந்தது. நானும் அதைச் சாய்த்து, ஒரு தீப்பெட்டியை அடியில் முட்டுக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன பராமரிப்பு நாளில் பெரியப்பா படுகளம், அதாவது அண்ணன்மார் வீழும் பகுதியைப் பாடினார். தறி இல்லை, விசிறி இல்லை, காக்கைகூட ஓய்ந்திருந்தது. சங்கர் விழுகிற இடம் வந்தது. விளக்கு அணைந்தது. திரையில் ஆடியோ சாதனத்தைக் காணவில்லை என்ற செய்தி எழுந்து நிற்க, அலைக்கோடு பாதியில் நறுக்கியது போல் நின்றுவிட்டது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடித்ததும், "வந்துவிட்டதா?" என்று கேட்டார். திரும்பப் பாடச் சொல்லலாம்தான். படுகளத்தை ஒரே நாளில் இரண்டு முறை பாடுகிறவர் அவர் இல்லை.

சேவை மையத்துக்குப் போன் செய்தேன். உத்தரவாதம் முடிந்துவிட்டது, யுஎஸ்பி வாய் மட்டும் மாற்றுவதில்லை, போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை இன்றைய தள்ளுபடி விலையில் பாதிக்கும் மேல். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி அதைத் திருப்பிப் பார்த்து, "இது என்னங்கண்ணா, ஸ்பீக்கரா?" என்று கேட்டார். நான் விளக்கி முடிப்பதற்குள் திறந்துவிட்டார். மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வாயைப் போர்டோடு பிடித்திருக்கும் கால்களைச் சுற்றி ஈயத்தில் முடி போன்ற வெடிப்பு. ஃபிளக்ஸ் தடவி, சூடான காற்றடித்துப் பழைய வாயை எடுத்துவிட்டு, புதியதை வைத்து, கால்களுக்குத் தாராளமாக ஈயம் விட்டு, பின்புறம் பசை வைத்துக் கொடுத்தார். 350 ரூபாய். அந்தப் பசையைத் தொழிற்சாலையிலேயே வைத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்?

இப்போது ஒயரை வாயிலிருந்து கழற்றுவதே இல்லை. ஒயரைப் பெட்டியின் பின்புறம் ஒரு சுற்றுச் சுற்றிப் பாவு நூலால் கட்டிவிட்டேன். இழுத்தால் கட்டுதான் தாங்கும். லேப்டாப் பக்கம் மட்டும் செருகி எடுக்கிறேன். மின்சாரம் இல்லாத மலிவு ஹப்பில் எதையும் செருகாதே, 48 வோல்ட் தள்ளாடும். செல்போன் சார்ஜருடன் வந்த ஒயரை மாட்டிவிட்டு, விளக்கு எரிகிறது ஆனால் லேப்டாப்புக்குப் பெட்டி தெரியவில்லை என்று என்னைக் கூப்பிடாதே. அவற்றில் சிலவற்றுக்குள் தகவல் கம்பியே இருக்காது. விண்டோஸ் என்றால் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் நிறுவனத்தின் சொந்த ஏசியோ (ASIO) டிரைவர் மென்பொருளை முதலில் நிறுவிவிட்டுப் பெட்டியைச் செருகு.

ஒலிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன். உழைப்புக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தால் அன்றைய படுகளம் நினைவுக்கு வருகிறது, கை எழுத மறுக்கிறது. ஆகவே வாங்காதே மாப்பிள்ளை. பின்புறம் சதுரமான பழைய பி வகை யுஎஸ்பி வாய் வைத்த பெட்டியாகப் பார். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அதன் கால்கள் போர்டைத் துளைத்து இறங்கியிருக்கும். கடையில் ஒயரைச் செருகி லேசாக ஆட்டிப் பார். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அந்தத் தள்ளுபடி எந்தத் தேதி வரைக்கும் என்று மட்டும் எனக்குச் சொல். உதிரியாக ஒன்று வாங்கி வைக்க வேண்டும்.