பழைய காருக்கு "பாட்டில் வைத்தியம்" சொன்னால் உஷாராக இருங்கள்

வீட்டில் பெரியவர்கள் தனியாக வண்டியை சர்வீஸுக்கு விடுகிறார்கள் என்றால் இதை அவசியம் படியுங்கள்.

அப்பாவிடம் இருப்பது 2007 ஆல்டோ, பெட்ரோல். அம்மா உடம்பு முடியாமல் இருந்த காலத்தில் வண்டியை யாரும் கவனிக்கவில்லை. மறுபடி எடுத்தபோது ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்கும்போது, என்ஜின் சீராக ஓடவில்லை. ஏசி போட்டால் குலுங்கும், மேட்டில் மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது என்ஜின் விட்டுவிட்டு இழுக்கும். திருப்பூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டார். "இஞ்செக்டர்ல (என்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) கசடு கட்டியிருக்குதுங்கய்யா, இதை டேங்க்ல ஊத்தி ஓட்டுங்க, புது வண்டியாட்டம் ஆயிரும்" என்று 650 ரூபாய் பாட்டிலைக் கொடுத்தார்கள். சரியாகவில்லை என்று போனால் ஆக்டேன் பூஸ்டர் (ஆக்டேன் என்பது பெட்ரோல் என்ஜினில் தட்டாமல் எரியும் தன்மையின் அளவு, அதைக் கூட்டுகிற பாட்டில்). அதற்கும் கேட்கவில்லை என்றதும் என்ஜின் ஃப்ளஷ் (ஆயிலோடு ஊற்றி என்ஜினை உள்ளே கழுவுவது). நடுவில் "இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க, அதனாலதான்" என்று பங்க் மேல் பழி வேறு.

மொத்த பில் 4,800 ரூபாய். அதில் 1,500 "டியூன்-அப், பிளக் கிளீனிங், ஏர் ஃபில்டர் கிளீனிங்".

நான் ஊருக்குப் போனபோது வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். என் கண் முன்னாலேயே கழற்றினார். ஏர் ஃபில்டர் கரிய அட்டையாக இருந்தது, மடிப்புக்குள் காய்ந்த இலைத்தூளும் எலிப் புழுக்கையும். பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் பிளக் உட்காரும் குழியில் மண் கெட்டியாகப் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. மூன்று பிளக்கிலும் முனை தேய்ந்து மழுங்கி, கேப் (பொறி தாவும் இடைவெளி) கண்ணுக்கே தெரிகிற அளவு விரிந்திருந்தது. இருட்டிய பிறகு என்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தார். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வயரிலிருந்து என்ஜினுக்கு நீலப் பொறியாகத் தாவியது. மிஸ்ஸிங் எங்கிருந்து வருகிறது என்று அதைப் பார்த்தாலே போதும்.

ஆடிட்டிவ் (இப்படி ஊற்றுகிற பாட்டில்கள்) எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. நல்ல இஞ்செக்டர் கிளீனர் பெட்ரோல் போகிற வழியில் படிந்த கசடைக் கொஞ்சம் கரைக்கும். தேய்ந்த பிளக், வெடித்த வயர், அடைத்த ஃபில்டர் இவற்றை எந்த பாட்டிலும் சரிசெய்யாது. மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையும் கெடுத்துவிடும். அதை மாற்றுகிற செலவு எங்கேயோ போகும். "ஊத்தி ஓட்டுங்க" என்று அனுப்பியதில் எனக்கு ஆத்திரமே இதுதான்.

எத்தனால் பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்களைப் பதம் பார்க்கக்கூடும், உண்மைதான். அப்படியென்றால் ஹோஸைப் பார்த்து மாற்ற வேண்டும். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலின் ஆக்டேனே 95. ஆல்டோவுக்கு அதற்கு மேல் பூஸ்டர் எதற்கு?

பிளக், வயர், ஃபில்டர், த்ராட்டில் பாடி (என்ஜினுக்குக் காற்று போகிற வழி) கிளீனிங், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாயில் வேலை முடிந்தது. இப்போது ஏசி போட்டாலும் குலுங்கவில்லை.

எந்த பாட்டிலுக்கும் சரி சொல்வதற்கு முன் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றினேன் என்றால் பழைய பார்ட்ஸைக் கையில் வாங்குங்கள்.

பழைய ஒர்க் ஷாப்பில் பிளக் போட்டோவைக் காட்டிக் கேட்டதற்கு, "ஐயாகிட்ட சொல்லிட்டுத்தானே ஊத்துனோம்" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப் போகிறேன் என்றதும் அந்த 1,500 திரும்பி வந்தது. பாட்டில் காசு வரவில்லை. பில் கையில் இருந்ததால்தான் இதுவாவது கிடைத்தது.