ஸ்பேசர் வாங்கலாமா? ஒரு ஐப்பசி மழை ஓட்டிட்டு எழுதுறேன்

பையனுக்கு ஏழு வயசு, வீசிங். கும்பகோணத்துல ஒரு மெடிக்கல்ல, இன்ஹேலர் முனையில மாட்டுற இந்த ஸ்பேசர வாங்கி மூணு மாசம் ஆவுது. பாக்க வெறும் பிளாஸ்டிக் டப்பா, இதுக்கா இவ்ளோ காசுன்னுதான் தோணும், ஆனா முன்ன இன்ஹேலர நேரா வாயில வச்சு அழுத்துனா மருந்து பாதிக்கு மேல நாக்குலயும் தொண்டையிலயும்தான் ஒட்டும், இப்ப ஒரு அழுத்து அழுத்திட்டு அஞ்சாறு மூச்சு நிதானமா இழுத்தா போதும், அவசரப்பட்டா விசில் அடிக்குது, அவனுக்கு அது வெளையாட்டாப் போச்சு.

தலைவலி கழுவுறதுதான். சோப்புத் தண்ணியில அலசி துடைக்காம அப்படியே காய வைக்கணும், துணியால தேச்சா மின்சாரம் மாதிரி ஏறி மருந்து டப்பா சுவத்துலயே ஒட்டிக்கும். இங்க அடமழையில பாவாடை சட்டையே காயல, இது எங்க காயும்!

எங்க அத்தைக்கு எல்லாத்துக்கும் தயிரும் கொய்யாவும்தான் காரணம். ஆனா ஒரே சளி, அக்காளுக்கு ரெண்டு நாள் தும்மலோட போவுது, இவனுக்கு மூணாம் ராத்திரி, மருந்த ஆவி மாதிரி இழுக்க வைக்கிற நெபுலைசர் மிஷின்ல கொண்டு நிறுத்துது, ஏன் சார்னு டாக்டர்ட்ட கேட்டேன். சாதா சளி தர்ற ரைனோ வைரஸ்லயே 160 வகைக்கு மேல இருக்காம், அதுல சி வகை கொஞ்சம் பொல்லாதது. வைரஸ் நுழைஞ்சதும் மூச்சுக்குழாய் செல்லுங்க இன்டர்ஃபெரான்னு ஒன்ன விட்டு அத பெருக விடாம தடுக்கணும், ஆஸ்துமா உள்ள பலருக்கு அது கம்மியா, லேட்டா வருதுன்னு 2005லயே ஆராய்ச்சியில பாத்துருக்காங்க. மடைய நேரத்துக்கு அடைக்காம வுட்ட கத மாதிரின்னு எங்க வீட்டுல இவங்க சொன்னாங்க, சரியாதான் பட்டுச்சு. தடுக்க வேண்டியது தூங்க, அலர்ஜி பக்கத்து ஆளுங்க, ஈயோசினோஃபில்னு ஒரு ரத்த செல்லு, கும்பலா வந்து குழாய வீங்க வச்சு சளிய கட்டிடுது. 1995ல இங்கிலாந்துல ஸ்கூல் புள்ளைங்கள பாத்ததுல பத்து வீசிங்ல எட்டுக்கு வைரஸ் இருந்துருக்கு. முன்ன பாத்த இடத்துல ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக்தான் எழுதுனாங்க, அது வைரஸ ஒன்னும் பண்ணாதாமே, வயிறு கெட்டதுதான் மிச்சம்.

அதனால நல்லா இருக்கப்பவும் ஸ்டீராய்டு இன்ஹேலர தெனம் நிறுத்தாம குடுக்குறோம், வீக்கம் முன்னாடியே அடங்கியிருந்தா சளி வந்தாலும் அடி கம்மி. அடிச்சதும் வாய் கொப்பளிக்கணும், இல்லன்னா வாய்ல வெள்ள படியும். இந்த மழைக்கு ரெண்டு சளி வந்துச்சு, நெபுலைசருக்கு ஓடல. இதுல ஸ்பேசருக்கு பாதிப் பெருமைதான் குடுப்பேன்.

நாலு ஸ்டார். ஒன்னு கொறச்சது ஒரு பை கூட தராததுக்கு, ஸ்கூல் பையில போட்டு வாய்மூடி மூணாம் நாளே தொலஞ்சு போச்சு.