38,500 ரூபாய் போச்சு! லோன் வாங்கித் தருகிறேன் என்று வாசலுக்கு வருகிறவர்களை நம்பாதீர்கள்

திருப்பூரில் வாடகைக் கட்டடத்தில் ஆறு மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் செய்கிறோம், நானும் வீட்டுக்காரரும். போட்ட பணம் 38,500 ரூபாய் திரும்பி வராது என்று இன்றைக்கு மத்தியானம்தான் உறுதியாகத் தெரிந்தது. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எங்களை மாதிரி சின்ன யூனிட்காரர்கள் லோனுக்கு எப்படிப் போக வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இன்னொரு பேட்லாக் தையல் மெஷின் இருந்தால் வாரம் 2,000 பீஸ் தருகிறேன் என்றார் கம்பெனிக்காரர். பழைய பேட்லாக் ஒன்று, ஓவர்லாக் இரண்டு, ஒயரிங் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் வேண்டும். பேங்க்குக்கு மூன்று தடவை நடந்தேன். சின்னத் தொழில்களுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் பேங்க் தரும் முத்ரா கடனுக்கு அடமானம் வேண்டாம் என்று 2015-லிருந்து சொல்கிறார்கள். அந்தப் போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே, "வீட்டுப் பத்திரம் ஏதாவது இருக்காம்மா?" என்றார் மேனேஜர். அப்புறம் ஐடி ரிட்டர்ன், ஜிஎஸ்டி, பில் புக். எங்களுக்குக் கட்டிங் பண்டில் வரும், தைத்து அனுப்புவோம், சனிக்கிழமை கையில் பணம் வரும். பாதி நேரம் அதுவும் அடுத்த சனிக்குப் போகும். இதில் பில் புக்குக்கு எங்கே போவது?

அந்த வாரம்தான் அவன் வந்தான். லோன் ஏற்பாடு செய்து தரும் ஒரு ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னான். கழுத்தில் அடையாள அட்டை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். வழியில் கிடந்த பண்டிலைத் தூக்கி ஓரமாக வைத்தான். ஒவ்வொரு மெஷினாகப் பக்கத்தில் உட்கார்ந்து, நம்பர் பிளேட்டில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துப் போட்டோ எடுத்தான். பேங்க் ஆள் ஒருத்தர்கூட எங்கள் மெஷினைப் பார்க்க வந்ததில்லை. அங்கேதான் நான் விழுந்தேன். "எதுக்குக்கா ரெண்டு லட்சம்? அஞ்சாப் போட்டுடலாம்" என்றான். தம்பி தம்பி என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் உத்யம் என்கிற சிறுதொழில் அரசுப் பதிவுக்கும் ஃபைல் செலவுக்கும் 3,500. நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் சாங்ஷன் லெட்டர் வந்தது, சிங்க முத்திரையோடு. என் இனிஷியல் தப்பாக இருந்தது. சொன்னேன், அரை மணியில் திருத்தி அனுப்பினான். எந்த பேங்க் அரை மணியில் திருத்தித் தரும்? அப்போது உறைக்கவில்லையே! அடுத்து இன்சூரன்ஸ் என்று 15,000. கடைசியாக "முதல் தவணையை முன்கூட்டியே கட்டினால்தான் பணம் ரிலீஸ் ஆகும்" என்று 20,000. அதற்கு என் வளையலை அடகு வைத்தேன். மூன்றும் ஜிபேயில், மூன்று வேறு வேறு பெயருக்கு. ஆக 38,500. கையெழுத்துப் போட்ட செக் ஒன்றையும் தொகை எழுதாமல் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு தினம் ஒரு கதை. சர்வர் டவுன். சார் ஆடிட்டில் இருக்கிறார். மாசக் கடைசி, ஒன்றாம் தேதி கூப்பிடுங்கள். நேரில் போனால், ரிசப்ஷனில் இருந்த பெண், "நாங்க ஃபைல் மட்டும்தான் வாங்குவோம்க்கா, பணம் பத்தி ஹெட் ஆபீஸ்ல கேளுங்க" என்றாள். ஹெட் ஆபீஸ் நம்பரை எடுத்தது அவனேதான், குரலை மாற்றிக்கொண்டு! திட்டினேன், பிளாக் செய்துவிட்டான்.

இன்று அந்த லெட்டரை எடுத்துக்கொண்டு அதே பேங்க்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பார்த்த உடனே, "இந்த மாசம் நீங்க மூணாவது ஆளுக்கா" என்றாள். முத்ராவுக்கு ஏஜென்ட் என்று யாருமே கிடையாதாம். உத்யம் பதிவுக்கு ஒரு பைசா செலவில்லையாம். இதை முதல் தடவை போனபோதே சொல்லியிருந்தால் என்ன? அப்போது பத்திரம் கேட்கத்தான் நேரம் இருந்தது.

லோனுக்குப் போகும் விதத்தை விவரமாகச் சொல்கிறேன் என்றேன். எனக்கே கிடைக்கவில்லை, என்னத்தைச் சொல்ல? லோன் வருவதற்கு முன்னால் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பேங்க் பெயரைச் சொல்லி ஆள் பெயரில் ஜிபே கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள். வெற்று செக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு பதினெட்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தச் செக் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. பேங்க்கில் நின்றபோது அது ஞாபகமே வரவில்லை. காலையில் திறந்த உடனே போய் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைக் கூலிக்கு வைத்திருக்கும் பணம் அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது.