14416: பென்ஷன் வந்த ராணுவ வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

மனநல ஆலோசனைக்கு அரசாங்கம் நடத்தும் போன் சேவை இது, டெலி மனஸ் என்று பேர், நம்பர் 14416. தமிழ்நாட்டில் இதையே "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பேரில் தொடங்கினார்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மிலிட்டரியில் இருந்து பென்ஷன் வந்தவர் இருக்கும் வீட்டுக்கு இது உதவுமா என்று கேட்டால், உதவும், எங்களுக்கு உதவியது. ஆனால் எதுவரைக்கும் உதவும், அதற்கப்புறம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொண்டு கூப்பிட்டால்தான் முழுப் பயன் கிடைக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஹவில்தாராக ரிடையர் ஆனவர். நாங்கள் வேலூர் பக்கம். இங்கே எந்தத் தெருவில் பார்த்தாலும் ஒரு மிலிட்டரி வீடு இருக்கும், கம்மவான்பேட்டை மாதிரி ஊரே ராணுவ ஊர் என்று பேரெடுத்த இடமும் இந்த மாவட்டத்தில்தான். பென்ஷன் வந்தவர் முதல் இரண்டு மூன்று வருஷம் எப்படி இருப்பார் என்று இங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியும், ஆனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். சின்ன வயதில் சேர்ந்து நாற்பதை ஒட்டி வெளியே வந்துவிடுகிறார்கள், பிள்ளைகள் அப்போதுதான் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருக்கும். அதுவரை வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு என்று வந்து, கறி எடுத்து, ஊரெல்லாம் கூட்டிப் போய், சிரித்துப் பேசிவிட்டுப் போன மனுஷன் இப்போது தினமும் வீட்டில் இருக்கிறார், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, நமக்கும் அவரை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கேட்டைப் போய் இழுத்துப் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் சுவரோரம் இடம் இருந்தால்தான் உட்காருவார். தீபாவளி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். இதோடு மிலிட்டரி கேன்டீனில் மாதாமாதம் கிடைக்கும் கோட்டா மது பாட்டில் வேறு. மாமியார் இதையெல்லாம் "மிலிட்டரிக்காரன் கோபம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அவர்களுக்கும் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாது.

சர்வீஸில் இருக்கும்போதே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டாளத்தில் உடல்தகுதியை ஷேப் என்ற ஐந்து எழுத்தில் எழுதுவார்கள், அதில் முதல் எழுத்தே மனநிலைக்குத்தான். அதில் கேட்டகிரி இறங்கினால் லோ மெடிக்கல், அதாவது உடல்தகுதி குறைந்தவர் என்று ஆகிவிடும், ப்ரமோஷன், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றிலும் கை வைக்கும். குடும்பத்தை நினைத்துத்தான் அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். வெளியே வருமுன் நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு பரிசோதனையில்கூட "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள், அங்கே பதிவாகாமல் விட்டது பிற்பாடு சர்வீஸில் வந்த உடல், மனக் குறைபாட்டுக்கான டிஸெபிலிட்டி பென்ஷன் கேட்கும்போது பெரிய சிக்கலாகும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகிற சமயம் பேப்பருக்கு மட்டும் குறைவே இல்லை: டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், கேன்டீன் கார்டு, ஈசிஎச்எஸ் என்கிற முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்தின் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து, ஒரு வரிசை. இத்தனை வருஷம் இப்படி வாழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறாயே, அங்கே எப்படி இருப்பாய் என்று உட்கார வைத்துக் கேட்க ஒரு ஆள் அந்த வரிசையில் இருந்திருக்க வேண்டும், மனைவியையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டிருக்க வேண்டும். என் மனசில் இருக்கிற பெரிய குறை இதுதான், இந்த போன் சேவையின் மேல் எனக்குக் குறை இல்லை.

சரி, போனுக்கு வருகிறேன். கூப்பிட்டது நான், அவர் இல்லை. நோயாளிதான் பேச வேண்டும் என்று சட்டமில்லை, வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்காகவும் பேசலாம், இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. மொழியைத் தேர்ந்தெடுத்த பிறகு ஒரு பெண் எடுத்தார். ரெஜிமென்ட் நம்பர், ராங்க், எந்த யூனிட் என்று எதுவும் கேட்கவில்லை. "சொல்லுங்கம்மா, அவசரமே இல்ல" என்றார், அவ்வளவுதான், எனக்குப் பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது, அந்தப் பெண் போனை வைக்காமல் இருந்தார். அப்புறம் வரிசையாகக் கேட்டார், எத்தனை மணிக்குத் தூங்குகிறார், நடுவில் எழுகிறாரா, சாப்பாடு எப்படி, குடி தினமுமா, பிள்ளைகள் மேல் கை வைக்கிறாரா, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா. கடைசியாக, உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஏதாவது சொன்னாரா என்று நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகுமோ என்று பயந்துதான் நான் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை. அப்படி ஆகாது, கேட்டால் பாரம்தான் குறையும், தைரியமாகக் கேளுங்கள் என்று பொறுமையாக விளக்கினார். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தச் சேவைக்கு நான் முழு மார்க் போடுவேன்.

அன்றைக்கு ராத்திரி கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சில நாள் தோணும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் கஷ்டம் அதுதான். சில நாட்கள் கழித்து அவரையே பேச வைத்தேன், முதலில் "எனக்கென்ன பைத்தியமா" என்று கத்தினார், அப்புறம் மொட்டை மாடிக்குப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார், இறங்கி வர நேரமானது. முகம் தெரியாத ஆளிடம், சாப் என்று சல்யூட் வைக்கத் தேவையில்லாத ஆளிடம், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பேச முடிந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஹாஸ்பிடல் வாசலில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் போனில் இல்லை.

போன் எங்கே நின்றுவிடும் என்றால், இது முதல் படி, அவ்வளவுதான். இரண்டு அடுக்காக வைத்திருக்கிறார்கள். முதலில் பேசுவது பயிற்சி பெற்ற ஆலோசகர், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம்தான் நாடு முழுக்க இதற்குத் தலைமை. பழகின ஒரே டாக்டர் மாதக்கணக்காகக் கூடவே வருவது என்பது போனில் நடக்கிற காரியம் இல்லை, அதற்கு நேரில்தான் போக வேண்டும். பட்டாளத்து வாழ்க்கை பற்றி, ஃபீல்ட் போஸ்டிங் என்றால் என்ன, பீஸ் ஸ்டேஷன் என்றால் என்ன என்று தெரிந்த ஆட்களும், முன்னாள் ராணுவத்தினரே சிலரும் பென்ஷன் வந்தவர்களுக்கென்று தனியாக ஒரு பிரிவில் உட்கார்ந்தால் இதைவிட நன்றாக இருக்கும். சர்வீஸில் இருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் 2023 கடைசியில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியான ஏ.எஃப்.எம்.சி.யில் ஒரு தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள், அது நல்ல ஆரம்பம்.

நேரில் போக எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று ஈசிஎச்எஸ். 2003-ல் வந்த திட்டம், பென்ஷன் வாங்குகிறவர் ஒரே தடவை பணம் கட்டிச் சேர்வது, மனைவி, பிள்ளைகளுக்கும் உண்டு. மனநல வைத்தியமும் இதில் அடங்கும், இது தெரியாமல் பிரைவேட்டில் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈசிஎச்எஸ் நடத்தும் பாலிகிளினிக்கில் டாக்டரைப் பார்த்து ரெஃபரல் சீட்டு வாங்கி, எம்பேனல் ஆன, அதாவது திட்டத்தின் பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவசரமென்றால் ரெஃபரல் இல்லாமலும் சேர்க்கலாம். ஆனால் பாலிகிளினிக் என்றால் ஊரில் இருக்கிற எல்லா எக்ஸ்-சர்வீஸ்மெனும் வந்து உட்காருகிற இடம், பழைய சுபேதார் சாப் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது எதற்காக வந்திருக்கிறேன் என்று எங்கள் வீட்டுக்காரர் எப்படிச் சொல்வார்? அதனால் நாங்கள் இரண்டாவது வழிக்குப் போனோம், அரசு ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் பார்க்கும் டாக்டர். சீட்டு, டாக்டர், மாத்திரை எதற்கும் காசு இல்லை. கூட்டம் இருந்தது, காத்திருந்தோம். டாக்டர் அவரைத் தனியாகவும் என்னைத் தனியாகவும் கேட்டார். தூக்கம் முதலில் திரும்பி வந்தது, கோபம் குறைய நாளானது, குடி இன்னும் முழுசாக விடவில்லை, ஆனால் விட வேண்டும் என்று அவரே சொல்கிறார்.

குடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்று ஒரு தனியார் போதை மறுவாழ்வு மையத்தைப் போய்ப் பார்த்தேன், பேர் வேண்டாம். "அவரு வரமாட்டார்னா அட்ரஸ் குடுங்க, நாங்களே ஆள் வச்சுத் தூக்கிட்டு வந்துடுவோம், மூணு மாசத்துக்கு போன் கிடையாது" என்றார்கள். டாக்டர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. எல்லையில் காவல் நின்ற மனுஷனை ராத்திரியில் நாலு பேர் கையைக் கட்டித் தூக்கிப் போனால் அவர் அதற்கப்புறம் எந்த டாக்டரை நம்புவார்? 2017-ல் வந்த மனநலச் சட்டப்படி இந்த மாதிரி மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். அதே சட்டம் நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது, அதனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள்.

இன்னொரு கவலையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா பையன் அக்னிபத் திட்டத்தில் அக்னிவீராக ராணுவத்துக்குப் போயிருக்கிறான். 4 வருஷம்தான், அதில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்கிற மொத்தத் தொகையோடு வெளியே வருவார்கள், பென்ஷன் கிடையாது, எக்ஸ்-சர்வீஸ்மென் என்ற அந்தஸ்து கிடையாது, ஈசிஎச்எஸ் கிடையாது. எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு வழி இருந்தது என்றேன் இல்லையா, அதில் ஒன்று இந்தப் பையன்களுக்கு ஆரம்பத்திலேயே அடைபட்டிருக்கிறது. இருபத்தைந்து வயதுக்குள் யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு வருகிற பையனுக்கு ஈசிஎச்எஸ் இல்லையென்றால், மனநலத்துக்காவது வேறு ஏதாவது ஏற்பாட்டை அரசாங்கம் செய்தே ஆக வேண்டும். அதுவரை அந்தப் பையன்களின் அம்மாக்கள் இந்த நம்பரை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

கூப்பிடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 14416 கிடைக்காவிட்டால் 1800-891-4416 என்ற நம்பரும் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள், அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று சொல்வதை எழுதிக்கொள்ளப் பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். பேங்க் காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் மனசு சரியில்லாமல் இருந்தால், துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து வைக்க வழி இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள், அப்புறம் மற்றது. அந்த நிமிஷமே ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசனைக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.