டெஸ்க் சரி, அலமாரி சரியில்லை

எங்கள் பள்ளியின் புதிய பசுமைக் கட்டடத்துக்குச் சாமான் வாங்கும் குழுவில் நானும் இருந்தேன். டெஸ்க்கும் புத்தக அலமாரியும் ஒரே கம்பெனியிடம் வாங்கினோம். ஆறு மாதம் ஆகிறது, டெஸ்க்கைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. அலமாரி இருக்கிறதே, விடுமுறை முடிந்து வந்து கதவைத் திறந்தால் கண்ணைக் கரிக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தோம். டெஸ்க்குக்கு இரும்புக் கால், மேலே லேமினேட் ஒட்டிய ப்ளைவுட், நான்கு ஓரமும் பட்டை ஒட்டி அடைத்திருக்கிறார்கள். அதோடு, செய்து முடித்த டெஸ்க்கையே சோதனை அறைக்குள் வைத்துக் அதிலிருந்து காற்றில் என்ன கலக்கிறது என்று அளந்து தருகிற கிரீன்கார்டு (GREENGUARD) கோல்டு சான்றும் இருக்கிறது. சாதாரண கிரீன்கார்டில் மொத்த வி.ஓ.சி., அதாவது ஆவியாகிக் காற்றில் கலக்கும் கரிம வேதிப்பொருள்கள், கனமீட்டருக்கு 500 மைக்ரோகிராம் வரை போகலாம், கோல்டில் 220தான். பிள்ளைகள் தங்கள் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அவர்கள் உட்காரும் இடத்துக்கு இந்தக் கண்டிப்பு வேண்டியதுதான்.

அலமாரி பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. முன்பக்கம் பளபளப்பாக இருக்கிறது, திருப்பிப் பார்த்தால் பின் ஓரங்களும் தட்டு மாட்டும் துளைகளும் எதையும் ஒட்டி அடைக்காமல் அப்படியே கிடக்கின்றன. அதில் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் ஃபார்மால்டிஹைடு வாயுவை இன்னும் வேகமாக வெளிவிடும், அதுவும் ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, வருடக்கணக்கில். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே வகைப்படுத்திவிட்டது.

கேட்டதற்கு விற்பனையாளர், "இ1 போர்டு சார், கவலையே வேண்டாம்" என்றார். சரி, இ1 என்றால்? பலகைக்கான ஐரோப்பியத் தர வகை அது, சோதனைப் பெட்டிக்குள் ஃபார்மால்டிஹைடு கனமீட்டருக்கு 0.124 மில்லிகிராம் வரை. உலக சுகாதார நிறுவனம் அறைக் காற்றுக்குச் சொல்லும் அளவோ அரை மணி நேரச் சராசரியாக 0.1. வகுப்பறை ஒன்றும் சோதனைப் பெட்டி இல்லைதான், ஆனால் சின்ன அறையில் ஐந்து அலமாரியை அடைத்து ஜன்னலையும் சாத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இ1 முத்திரையில் பதில் கிடையாது. அப்புறம் சான்றிதழைக் காட்டச் சொன்னோம், நீட்டினார், பார்த்தால் அது டெஸ்க்குக்கு வாங்கிய சான்று! மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுத்தது எங்கள் தப்பும்தான்.

பெயிண்ட் வேறு கம்பெனி, மோசமில்லை. ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் 'ஜீரோ வி.ஓ.சி.' நிறம் கலக்காத வெள்ளை பேஸுக்கு மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கடையில் கலக்கும் நிறச்சாயத்தாலும் அது கூடும்.

அலமாரிகளை வராந்தாவில் மூன்று வாரம் திறந்து போட்டோம், ஓரங்களுக்கும் துளைகளுக்கும் தண்ணீரில் கரையும் வார்னிஷ் அடித்தோம். நெடி பாதியாகக் குறைந்தது, வெயில் ஏறினால் திரும்ப வருகிறது. டெஸ்க்குக்கு ஐந்தில் நாலரை, அலமாரிக்கு ஒன்று. மேல் மாடிக்கு டெஸ்க் அதே கம்பெனியில்தான் சொல்லியிருக்கிறோம், அலமாரி மட்டும் பவுடர் கோட்டிங் அடித்த இரும்பு, வேறு இடத்தில்.