பர்ரோவா, லாரன்ஸா? ஸ்கைகாஸ்ட் கோணத்தில் ஓர் இறுதிப்போட்டி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் யாருடைய கை பலமானது என்று பேச்சு வந்தால், 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் நடந்த இறுதிப்போட்டியைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன். எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணிக்கு ஜோ பர்ரோ, கிளெம்சன் பல்கலைக்கழக அணிக்கு டிரெவர் லாரன்ஸ். இருவரும் குவாட்டர்பேக்குகள், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்கள். விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் தனது மெகாகாஸ்ட் ஏற்பாட்டில் இதுபோன்ற பெரிய ஆட்டங்களைப் பல கோணங்களில் தருகிறது. அவற்றில் ஸ்கைகாஸ்ட் என்பது மைதானத்துக்கு மேலே கம்பிகளில் ஓடும் கேமராவின் பார்வை. குவாட்டர்பேக்குக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே நின்று நாமும் அவரோடு சேர்ந்து எதிரணியைப் பார்க்கலாம். என் மகன் பள்ளி அணியில் குவாட்டர்பேக். அவனுக்கு இந்த ஆட்டத்தை வேறு எந்தக் கோணத்திலும் காட்ட எனக்கு விருப்பமில்லை.

காரணம் எளிமையானது. பக்கவாட்டுக் கேமராவில் ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து குவாட்டர்பேக்கின் கைக்கு வந்ததும், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் திரையை விட்டு வெளியே ஓடிவிடுவார்கள். பந்து எறியப்பட்ட பிறகு கேமரா அதைத் துரத்தும். யார் எவ்வளவு நேரமாகத் தனியாக நின்றார் என்பது தெரியவே தெரியாது. பின்னாலிருந்து பார்த்தால் பந்து கையை விட்டுப் போகும் அந்தக் கணத்தில் ரிசீவர் எங்கே இருந்தார் என்பது தெரியும். ஒரு குவாட்டர்பேக்கை எடைபோட எனக்கு வேண்டியது அதுதான்.

முதலில் வெறும் கைவலிமை. இதில் லாரன்ஸ்தான் மேல், சந்தேகமே இல்லை. 6 அடி 6 அங்குல உயரம். தோளுக்கு மேலிருந்து சட்டென்று விடுபடும் பந்து. கல்லூரி மைதானத்தில் கைவலிமையை அளக்க நான் பார்ப்பது ஒரே ஒரு எறிதல். பந்து ஒரு பக்க ஹாஷ் கோட்டில் (மைதானத்தின் நடுப்பகுதியை இருபுறமும் குறிக்கும் சிறு கோடுகள்) இருக்க வேண்டும். ரிசீவர் எதிர்ப்பக்க எல்லைக்கோட்டை நோக்கி 15 யார்டு ஆழத்தில் வெட்டி ஓட வேண்டும். மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி விதிப்படி ஹாஷ் கோடு எல்லையிலிருந்து 60 அடி தள்ளி இருக்கிறது. அப்படியானால் குறுக்கே மட்டும் 100 அடி, அதாவது 33 யார்டு. ரிசீவரின் 15 யார்டு ஆழத்தோடு குவாட்டர்பேக் பின்வாங்கிய 7 யார்டையும் கணக்கில் எடுத்தால், பந்து மூலைவாட்டில் காற்றில் சுமார் 40 யார்டு போக வேண்டும், அதுவும் வளையாமல். கொஞ்சம் மிதந்தாலும் ரிசீவரைத் தடுக்க நிற்கும் கார்னர்பேக் குறுக்கே வந்து பறித்துக்கொள்வார். லாரன்ஸ் இதை எந்தச் சிரமமும் இல்லாமல் எறிகிறார். எல்லைக்கோட்டிலிருந்து ஒரே எறியில் ஸ்டம்பைத் தகர்க்கும் ஃபீல்டரைப் பார்க்கிற அதே பரவசம்.

பர்ரோவின் பந்தில் அந்தச் சீற்றம் இல்லை. ஆனால் அவர் அதே இடத்துக்கு முன்கூட்டியே எறிந்துவிடுகிறார்! ரிசீவர் இன்னும் திரும்பியிருக்க மாட்டார், பந்து புறப்பட்டிருக்கும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் இது பிடிபடும். எல்எஸ்யூ ரிசீவர் ஜமார் சேஸுக்குப் போன 52 யார்டு டச்டவுனை (எதிரணிப் பக்கக் கடைசிப் பகுதியான எண்ட் சோனில் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளிகள்) பாருங்கள். அவரைத் தடுத்த கிளெம்சனின் ஏ.ஜே. டெரல் நல்ல கார்னர்பேக், அதே ஆண்டு தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டக்காரர் தேர்வில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர். டெரலை வென்றது வேகமான பந்து அல்ல. சேஸ் ஓடிப் போய்ச் சேரவேண்டிய இடத்தில் இறங்கிய பந்து. சேஸ் அன்று 9 கேட்ச், 221 யார்டு. இவ்வளவும் கைவலிமையால் வந்ததென்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எண்களும் அதையே சொல்கின்றன. பர்ரோ 49 எறிதலில் 31 சரி, 463 யார்டு, 5 டச்டவுன். ஓடி எடுத்தது இன்னொன்று. லாரன்ஸ் 37இல் 18, 234 யார்டு, எறிந்த டச்டவுன் ஒன்றும் இல்லை. ஆட்டம் 42-25. அதற்கு முன் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 25 ஆட்டங்களிலும் தோற்காதவர் லாரன்ஸ். அவருக்கு எதிரே டெரெக் ஸ்டிங்லி, கிறிஸ்டியன் ஃபுல்டன் என்று இரண்டு அருமையான கார்னர்பேக்குகள் இருந்தார்கள், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் ஸ்கைகாஸ்டில் பார்க்கும்போது பல இடங்களில் ஆள் தனியாக நிற்கிறார், பந்து தலைக்கு மேலே பறக்கிறது. மூன்றாவது காலாட்டத்தில் கிளெம்சன் 28-25 என்று நெருங்கி வந்த பிறகு அந்தப் பந்துகளில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கதையே வேறு. எனக்கு அது இன்றும் வருத்தம்தான், லாரன்ஸை அவ்வளவு பிடிக்கும்.

கால்கள் விஷயத்தில் லாரன்ஸுக்கு முழு மதிப்பெண். இதற்கு முந்தைய ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 67 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தவர்.

இந்தக் கோணத்துக்கு ஒரு குறை உண்டு. பின்னாலிருந்து பார்ப்பதால் பந்து எவ்வளவு தூரம் போனது என்பது கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். 50 யார்டு பந்தும் 35 யார்டு பந்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நீண்ட எறிதல்களுக்கு மட்டும் வழக்கமான ஒளிபரப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபுட்பாலுக்குப் புதியவர்களுக்கும் இதை முதலில் தரமாட்டேன். விதிகள் பழகிய அப்புறம் பார்த்தால்தான் ருசி.

முழு ஆட்டத்துக்கு நேரமில்லை என்றால் இரண்டாவது காலாட்டத்தின் கடைசி எல்எஸ்யூ டிரைவை (பந்து கையில் கிடைத்ததிலிருந்து தொடரும் தாக்குதல்) பாருங்கள். அதில் பர்ரோ 29 யார்டு ஓடுகிறார். பிறகு, அரைநேர இடைவேளைக்கு 10 நொடி இருக்கும்போது, தாடியஸ் மாஸுக்கு எண்ட் சோனில் ஒரு பந்து. அதில் பர்ரோவின் தோளைப் பார்க்காமல் பாதங்களைப் பாருங்கள்.